மஞ்சள் ஹெல்மெட்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அகிலாவுக்கு இருட்டுகூட வேண்டியதில்லை. பட்டப்பகலே போதும்.

மகள் சிந்து சைக்கிளில் தெருமுனை தாண்டினால் லாரி வரும் என்பாள். கண்மாய்க் கரைப் பக்கம் போனால் பாம்பு என்பாள். வானம் மூடினால் இடி, வெளுத்தால் வெயில் மயக்கம். "பயப்படுறதுக்குச் சம்பளம் உண்டுன்னா எங்கம்மா இந்நேரம் பென்ஷன் வாங்கியிருக்கும்" என்று சிந்து கேலி செய்வாள். அகிலாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்த வாய் மூடுமுன், "பிரேக்கைப் பாத்தியாடி?" என்பாள்.

அப்படிப்பட்டவள் இன்று காலை மகளை வழியனுப்பிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினாள் என்றால் அது அதிசயம்தான். அதிசயத்துக்குக் காரணம், சிந்துவின் தலையில் இருந்த மஞ்சள் ஹெல்மெட்.

காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி போய்த் திரும்பும் சைக்கிள் போட்டி. மாவட்ட அணிக்கு இதில்தான் ஆள் எடுக்கிறார்கள். அணியில் இடம் கிடைத்தால் சிந்துவின் படிப்பும் பயிற்சியும் விளையாட்டு விடுதியின் பொறுப்பு. சிந்துவின் அப்பா முத்துவேல் ஆசாரியும் அகிலாவும் இந்த ஒரு காலைக்காக எத்தனை நாள் கோயில் வாசலில் நின்றார்கள் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

சைக்கிள் வாங்கியதோடு முத்துவேலின் கை காலியாகிவிட்டது. மற்ற சாமான்களை அகிலா ஏற்றுக்கொண்டாள். ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் துணியின் நாடி தெரியும். கடைக்காரர் விலை சொல்லும்போது முகம் மாறாமல் நிற்கவும் தெரியும். யாரும் கை வைக்காத நிறத்தில்தான் விலை இறங்கும் என்று கண்டுபிடித்து, கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சையில் ஒரு ஜெர்சி வாங்கினாள். திருப்பூரிலிருந்து கழித்துக் கட்டிய மூட்டையில் ஒரு சைக்கிள் கால்சட்டை கிடைத்தது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. பிரித்துத் தைத்து நேராக்கிவிட்டாள்.

அதை முதன்முதலில் பார்த்த முத்துவேல் மிரண்டுபோனார். "ஏத்தா, உக்காருற எடத்துல தலகாணிய வச்சுல்ல தச்சிருக்கான்!"

"நீங்க அந்த சீட்டுல உக்காந்து திருப்பத்தூர் வரைக்கும் போயிட்டு வாங்கப்பா. அப்பறம் நீங்களே ரெண்டு தலகாணி கேப்பீக" என்றாள் சிந்து.

ஹெல்மெட்தான் கடைசிவரை அமையவில்லை. நல்லதாக இருந்தால் விலை எட்டவில்லை. எட்டுவதைத் தலையில் வைத்தால் சோற்றுப் பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் நாகஜோதி வந்தாள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே அறை பெருக்குகிறவள். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகை சைக்கிள் கொடுப்பது அங்கே உண்டு. பழைய சாமான்களைக் கழித்தபோது ஒரு மூட்டையை அகிலாவுக்கென்று கேட்டு வாங்கி வந்தாள். அதற்குள் கையுறை, மழைச்சட்டை, கூடவே இந்த ஹெல்மெட். பளிச்சென்ற மஞ்சள் நிறம். சிந்துவின் தலைக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது.

சிந்துவோடு போட்டியிடும் மீனுவின் தாயார் மெய்யம்மை ஆச்சி சென்ற வாரம் ஜாக்கெட் தைக்க வந்தபோது, "ஹெல்மெட் எங்கே வாங்கினே அகிலா? நல்லாயிருக்கே" என்று கேட்டதும், "ஆன்லைன்ல ஆஃபர் போட்டான் ஆச்சி, புதுசு" என்று அகிலா வாய் கூசாமல் சொன்னதும் நினைவிருக்கும். பழசு என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

இன்று புறப்படும் இடத்தில் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் கையில் வாங்கிச் சோதித்தார்கள். ஹெல்மெட்டில் விரிசல் கண்ட ஒரு பையனை ஓரமாக நிறுத்தி, வேறு கொண்டு வந்தால்தான் விடுவோம் என்றார்கள். சிந்துவின் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தவர், "இத எப்புடிம்மா இவ்வளவு புதுசா வச்சிருக்கே?" என்று மெச்சினார். அகிலா அதன் நெற்றியில் வைத்திருந்த குங்குமத்தைப் பார்த்துப் புன்னகையும் செய்தார்.

அகிலாவின் மனம் குளிர்ந்தது. எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, கொப்புடையம்மனை நினைத்துக் கும்பிட்டு, மகளை அனுப்பிவிட்டு வந்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.

ஊசியில் நூல் கோப்பதற்குள் நாகஜோதி வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. சேலை முந்தானை கழன்று தோளில் புரண்டது.

"அக்கா, அந்த மஞ்ச ஹெல்மெட் எங்க?"

"எங்க இருக்கும்? சிந்து போட்டுக்கிட்டுப் போயிருக்கா. இன்னைக்குப் போட்டில்ல?"

நாகஜோதி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி? என்ன சொல்லு!"

"அது குப்பைக்கு ஒதுக்கி வச்சதாம்க்கா. நான் வெவரம் தெரியாம மூட்டையில போட்டுட்டேன். தை மாசம் ஒரு வெள்ளைக்காரரு ஆத்தங்குடி ரோட்டுல சைக்கிளோட குப்புற விழுந்தாருல்ல, அவரு தலையில இருந்தது இதுதான். இன்னைக்கு சாமான் ரூமைக் கூட்டையில மேனேஜர் கேட்டாரு, அந்த மஞ்சள வெட்டிப் போட்டாச்சான்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஓடியாறேன்."

"விழுந்தவரு... பொழைச்சாரா?" என்றாள் அகிலா.

"எந்திரிச்சு நடந்துல்ல வந்தாரு! அடி பூராத்தையும் அது வாங்கிக்கிருச்சு. அதான் விசயமேக்கா. அது ஒரு அடிக்குத்தானாம். மறு அடி விழுந்தா அதுல ஒண்ணுமே இல்லையாம். சாமிக்கு ஒடச்ச தேங்காய ஒட்ட வச்சு மறுபடி ஒடைக்க முடியுமா?" நாகஜோதி அழத் தொடங்கினாள். "பின்மண்டைக்கு உள்பக்கமா விரிசல் இருந்துச்சே, நீங்க பாத்திருப்பீகன்னு நெனச்சுத்தான்..."

அகிலாவுக்கு உயிர் திரும்பியது. "விரிசலா? ஒரு கீறல் கெடையாது. நானே தொடச்சு மஞ்சள் குங்குமம் வச்சேன். இன்னைக்கு அங்க தட்டிப் பாத்துத்தான விட்டாக? நீ சொல்றது வேற ஹெல்மெட்டா இருக்கும்டி."

பக்கத்துக் கொட்டகையில் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம் நின்றது.

முத்துவேல் வந்து கதவருகே நின்றார். கையெல்லாம் மரத்தூள். முகம் அதைவிட வெளுத்திருந்தது.

"இருந்துச்சு" என்றார்.

அகிலா அவரைப் பார்த்தாள்.

"மூட்டையப் பிரிச்ச அன்னைக்கே பாத்துட்டேன். உள்ளுக்குள்ள தெர்மாகோல்ல ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. நீ அம்புட்டு சந்தோசமா இருந்த அகிலா. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்புடிச் சொல்றது? நீ தூங்கவும் எடுத்து, பசை விட்டு, பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டு, மேல கலர் சேத்து அடிச்சுட்டேன்."

முத்துவேல் ஆசாரிக்கு அதுதான் பிழைப்பு. பழைய சாமான் கடைகளுக்கு வரும் கதவு, நிலை, அலமாரி எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். அவர் பட்டி பார்த்த இடத்தைப் பகலில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் காண முடியாது. மரம் வெடித்தால் பூச வேண்டும், பூசினால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் மற்ற இடத்தைவிட உறுதியாக நிற்கும். அவர் கை கண்ட நியாயம் அது. உடைந்து போவதன் மூலமே தலையைக் காக்கும் பொருளும் உலகத்தில் உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அகிலா கத்தவில்லை. மிஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

மொபெட் குன்றக்குடிச் சாலையில் பறந்தது. பறந்தது என்று எழுதுவது வழக்கம். உண்மையில் அந்தக் கிழட்டு வண்டி இருமிக்கொண்டே ஓடியது. அகிலா பின்னால் உட்கார்ந்து பயிற்சியாளரின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சிந்துவின் ஃபோன் அகிலாவின் பைக்குள்தான் கிடந்தது. போட்டியில் ஃபோன் கூடாது.

எத்தனையோ நாள் இல்லாத லாரியை நினைத்து நடுங்கியிருக்கிறாள். இன்று எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் நிஜமாக இருந்தது. சாலையோரக் கல் ஒவ்வொன்றும் ஒரு தலையின் உயரத்தில் கிடப்பதாகத் தோன்றியது. எங்கோ முன்னால், அந்தக் கற்களுக்குப் பக்கத்தில், வெறும் சாயத்தை நம்பி அவள் பெற்ற பிள்ளை போய்க்கொண்டிருந்தது.

"தாயே, நான் பொய்யா பயந்ததையெல்லாம் இதுக்குக் கழிச்சுக்க" என்று முணுமுணுத்தாள்.

பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்து அவர்களைக் கடந்தது. வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி ஏறியது. வாய்விட்டுப் பேசினால் அதுவே பலித்துவிடுமோ என்று இருவருக்கும் பயம்.

குன்றக்குடியில் கயிறு கட்டி வண்டிகளை மறித்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்து நின்ற தொண்டர் சோமுவிடம் அகிலா ஓடினாள்.

"தம்பி, ஆம்புலன்ஸ் போச்சே, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு பையனுக்கு முட்டிச் சிராய்ப்பு. பயப்படாதீக."

"எங்கள விடுங்க தம்பி. எம்மக தலையில இருக்கற ஹெல்மெட் ஒடஞ்சது. அத அவட்டச் சொல்லணும்."

சோமு தயங்கினார். "ரெண்டாவது அணி இப்பத்தான் வருது. பாஸ் உள்ள வண்டியத் தவிர விட்டா எம்மேல பாயுவாகக்கா. செத்த பொறுங்க, வயர்லெஸ்ல சொல்லிப் பாக்கறேன்."

அவர் கையிலிருந்த கருவி கரகரத்ததே தவிர, யாரும் பதில் சொல்லவில்லை.

அப்போது, "அகிலா!" என்று ஒரு குரல். மலையடிவாரத்தில் நிறுத்தியிருந்த வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் மெய்யம்மை ஆச்சி நின்றார். நெற்றியில் அப்போதுதான் வைத்த திருநீறு. காரின் கண்ணாடியில் போட்டிக்கான பாஸ் ஒட்டியிருந்தது.

"என்ன இங்கே நிக்கிறே? முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

அகிலா ஒரு நொடி நின்றாள். சொன்னால், சென்ற வாரம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நொடிதான். பிறகு எல்லாம் கொட்டியது.

"ஆச்சி, அந்த ஹெல்மெட் புதுசில்ல ஆச்சி. ஹோட்டல்ல கழிச்சது. ஒரு ஆளு விழுந்து ஒடஞ்சது. இவுக தெரியாம பூசி வச்சிட்டாக. சிந்து அதப் போட்டுக்கிட்டுப் போயிட்டா."

மெய்யம்மை ஆச்சி ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. பின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க ரெண்டு பேரும். மீனுவோட உபரி ஹெல்மெட் டிக்கியிலே கிடக்கு. முதல்ல புள்ளையப் பிடிப்போம்."

சோமு கயிற்றைத் தாழ்த்தினார். தன் பைக்கை எடுத்துக்கொண்டு அவரும் பின்னால் வந்தார்.

பிள்ளையார்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கைத் தாண்டும்போது அகிலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆச்சி ஓட்டிக்கொண்டே, "நானும் சொல்லிக்கிட்டேன். அவர் பார்த்துக்குவார்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அகிலா கொஞ்ச தூரம் மூச்சுவிட்டாள்.

திருப்பத்தூர் தாண்டி, பனைமரங்கள் நெருங்கி நிற்கும் நேர் சாலையில் பெண்கள் கூட்டம் கண்ணில் பட்டது. பத்துப் பதினைந்து பேர் ஒரே கொத்தாகப் போனார்கள். ஒருத்தியின் முன்சக்கரம் அடுத்தவளின் பின்சக்கரத்தை முத்தமிடும் நெருக்கம். நடுவில் கிளிப்பச்சை ஜெர்சி. அதன் மேல் மஞ்சள்.

"இருக்கா!" என்றாள் அகிலா. அழுகை முட்டியது.

ஆச்சி காரைப் பக்கவாட்டில் மெல்லச் சேர்த்தார். அகிலா ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"சிந்து! நில்லுடி! ஹெல்மெட்டு... நில்லு!"

சிந்து திரும்பிப் பார்த்தாள். வியர்வை வழியும் முகத்தில் சிரிப்பு.

"தண்ணி குடிச்சிட்டேம்மா! வாழப்பழமும் தின்னாச்சு! போம்மா!"

அவளுக்கு முன்னால் போன மீனு, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமலே கத்தினாள். "இன்னிக்கு என்ன ஆன்ட்டி, லாரியா பாம்பா?"

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள்.

இத்தனை வருஷம் அகிலா எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்தியிருக்கிறாள். இன்றைய கத்தலுக்கென்று தனியாக ஒரு குரல் அவளிடம் இல்லை. "நெசமாடி! நெசமா!" என்றாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் சொல்வாள். சிந்து கையை ஆட்டிவிட்டுக் குனிந்து மிதித்தாள்.

முன்னால் சாலை வேலை. ஜல்லி கொட்டிக் கிடந்தது.

அப்போது முத்துவேல் மறுபக்கக் கண்ணாடியை இறக்கினார். மகளைப் பெற்ற நாள் முதல் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. உடைந்தது.

"ஆத்தா... அது ஒடஞ்சது ஆத்தா. அப்பாதான் பூசி மறச்சு வச்சேன். விழுந்தா தாங்காது. அப்பா சொல்றேன், நிப்பாட்டு."

சிந்துவின் கால் நின்றது.

அந்தக் கணத்தை அகிலா பின்னால் பல நாள் கனவில் கண்டாள். கொத்துக்கு நடுவில் ஒரு சக்கரம் வேகம் குறைந்தால் பின்னால் வருவது எல்லாம் சரியும். சிந்து கையை உயர்த்தினாள். பின்னால் வந்தவள் கத்திக்கொண்டே ஒதுங்கினாள். ஒரு டயர் ஜல்லியில் வழுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்து... நிமிர்ந்தது. சிந்து சாலையோரப் புல்லில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

அகிலா ஓடிப்போய் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்ப்பா சொல்லல?" என்றாள் சிந்து, அம்மாவின் தோளுக்கு மேலாக.

"நல்லா ஒட்டிருச்சுன்னு நெனச்சேன் ஆத்தா."

சிந்து ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். சொல்லவில்லை.

மெய்யம்மை ஆச்சி டிக்கியிலிருந்து வெள்ளை ஹெல்மெட் ஒன்றை எடுத்துவந்து, தன் பெண்ணுக்குச் செய்வதுபோலத் தாடையின் கீழே வாரை இழுத்துப் பூட்டினார். "சரியா இருக்கா? தலையை ஆட்டு. ம். போ."

"போட்டி முடிஞ்சிருச்சு ஆச்சி" என்றாள் சிந்து. "வெளியாளு உதவி வாங்கினா கணக்கில்ல."

பைக்கில் வந்து சேர்ந்த சோமு, அகிலாவின் கையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு சிந்துவைப் பார்த்தார். "உசுரக் காப்பாத்துறது உதவியில சேராது தங்கச்சி. நடுவர்ட்ட நான் பேசிக்கிறேன். நீ மிதி."

சிந்து முன்னால் பார்த்தாள். கூட்டம் தொலைவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. முன்னணியில் இருந்த மீனு, யாரும் குறை சொல்ல முடியாதபடி, வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாள். ஜல்லி கிடந்த ஒடுங்கிய சாலையில் அவளைத் தாண்ட வழியில்லாமல் மற்றவர்களும் தளர்ந்திருந்தார்கள்.

"பாவி மக" என்றாள் சிந்து. கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. ஏறி மிதித்தாள்.

கிளிப்பச்சை புள்ளியாகி, கொத்தோடு சேர்ந்து, வளைவில் மறைந்தது.

அகிலா புல்லிலேயே உட்கார்ந்தாள். முத்துவேல் அவள் பக்கத்தில் குந்தி, மஞ்சள் ஹெல்மெட்டைத் திருப்பி, தான் பூசிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பொரி உருண்டை உதிர்வதுபோல் உள்ளே பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை மணிகள் அவர் மடியில் விழுந்தன. அவர் அவற்றைத் தட்டிவிடக்கூட இல்லை.

மெய்யம்மை ஆச்சியும் பட்டுச் சேலையைப் பார்க்காமல் புல்லில் அமர்ந்து அகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆச்சி, அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன்..."

"விடு. இதுல என்ன கூச்சம்? நாங்க மட்டும் என்ன, முழு விலை குடுத்தா வாங்குறோம்? வெளியில பாக்கத்தான் பெரிய வீடு. மீனு தலையில இருக்கிறதும், இப்போ உன் மக போட்டுக்கிட்டுப் போறதும் ஜோடியா ஆஃபர்ல வாங்கினதுதான். நம்ம வேல்பாண்டி சைக்கிள் கடையிலே. பாதி விலைக்குத் தந்தான்."

அகிலா சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

முத்துவேல் சிரிக்கவில்லை. அவர் தலை மெல்ல நிமிர்ந்தது.

"வேல்பாண்டி கடையிலயா?"

"ஆமா. ஏன்?"

"எப்ப வாங்குனீக ஆச்சி?"

"மாசம் பிறந்ததும். ஏன் கேக்குறீக ஆசாரி?"

அகிலா முத்துவேலின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க? என்னன்னு சொல்லுங்க!"

"இந்த மஞ்சளச் சரி பண்ணி, சிந்து சைக்கிளுக்கு டயர் கேக்கப் போனப்ப வேல்பாண்டிட்டக் காமிச்சேன். அசந்து போயிட்டான். எங்கிட்டயும் கீறல் விழுந்த சரக்கு ரெண்டு மூணு கெடக்கு மாமா, இதே மாதிரி ஆக்கிக் குடுங்க, டயர நான் சும்மா தாறேன்னான். அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. புள்ளைக்கு டயராச்சேன்னு..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "வெள்ளை அடிச்சுக் குடுத்தேன் ஆச்சி. காலையிலேருந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். எம்புள்ளையப் பிடிக்கிற வரைக்கும் வாயி வரல."

பனைமரங்களில் காற்று நின்றிருந்தது.

அகிலா தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் மெய்யம்மை ஆச்சியின் கைக்குள் இருந்தது. இப்போது உதறிவிடுவார் என்று காத்திருந்தாள். உதறினால் நியாயம். அந்த அம்மாளின் ஒரே மகள், வேகத்தைக் குறைத்துக் காத்திருந்த பிள்ளை, அந்த வளைவுக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறாள். சிந்துவும் அங்கேதான்.

ஆச்சியின் விரல்கள் பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தன. ஆனால் விடவில்லை. அகிலாவை இழுத்து எழுப்பிவிட்டன.

"அழுறதுக்கு அப்பறம் நேரம் இருக்கு. ஏறுங்க" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "வழியிலே நிக்கிற ஒவ்வொரு தொண்டர்கிட்டேயும் சொல்லிக்கிட்டே போவோம். போட்டியே நின்னாலும் சரி. சோமு, நீங்க முன்னாடி போங்க!"

சோமுவின் பைக் சீறிக் கிளம்பியது. முத்துவேல் உதிர்ந்த ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். எல்லோருக்கும் காட்டிச் சொல்ல அது வேண்டும் என்றார். அகிலா முன் இருக்கையில் ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை அவள் எந்தச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எந்த மகளுக்காக முதலில் வேண்டுவது என்று தெரியவில்லை.

கார் வளைவை நெருங்கியது.

அப்பாலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஒருவர் ஊதியது அல்ல. பலர், மாறி மாறி, நிறுத்தாமல்.

(தொடரும்)